அழிக்கச் சொன்ன அழுகை

அழாதவருக்குள்ளும் ஏக்கம் இருக்கிறது என்பதை மற்றவர்கள் எதை வைத்து நம்புவது? டப்பிங் கூடத்தில் ‘சிக்னல் அக்கா’ என்று அழைக்கப்பட்டவரின் வாழ்க்கை எனக்கு இந்தக் கேள்வியாகவே படுகிறது.

அவர் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். எதிர்முனையில் பேச்சு முடிந்ததா என்று ஒரு மூச்சு காத்திருந்துதான் வாய் திறப்பார். குரல் நடுங்கினால் கேட்பவனும் நடுங்குவான் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். மகளை வளர்த்தது தங்கை. விடுமுறை முடிந்து கிளம்பும்போது குழந்தை வாசலில் நின்று அழும். இவர் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

ஓய்வுக்குப் பிறகு, ஒரு கார்ட்டூன் தொடரில் வானில் பறக்கும் வீராங்கனைக்குக் குரல் கொடுத்தார். அவளும் முன்னாள் ராணுவ அதிகாரி. முதல் நாள், பழக்கதோஷத்தில் வசனம் முடிந்ததும், வயர்லெஸில் பேச்சை முடிக்கச் சொல்லும் “ஓவர்” என்பதையும் சேர்த்துவிட, கூடமே சிரித்தது. அவரைப் பெரிய நடிகை என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு மூச்சு இடைவெளி மட்டும் வேறெவருக்கும் வரவில்லை.

கடைசிப் பகுதியில் வீராங்கனை தன் மகளைப் பிரிகிறாள். அன்று இவருடைய மகளும் வந்து ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால், இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இங்க கொஞ்சம் உடைஞ்சு பேசுங்க,” என்றார் இயக்குநர்.

“உடைஞ்சா அவ எப்படிப் பறப்பா தம்பி?”

“பறக்க வைக்கறது எங்க வேலை. நீங்க அழுதா போதும்.”

“அம்மாவுக்கு அது வராது சார்,” என்றாள் மகள். “நான் பார்க்காததா?”

இயக்குநரின் மைக் அணையாமல் இருந்தது. மகள் சொன்னது அக்காவுக்கு ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது.

மகளுக்கு போன் வந்தது. வெளியே போனாள்.

“எடுங்க தம்பி,” என்றார் அக்கா.

“போயிட்டு வர்றேன் கண்ணு. கதவைச் சாத்திக்கோ.” இவ்வளவுதான் வசனம். ‘கண்ணு’ என்ற இடத்தில் குரல் பிளந்து, அவர் அழுதார். ஒலிப்பதிவாளர் கை வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்தாராம்.

“இதான் அக்கா. உங்க பொண்ணைக் கூப்பிடறேன், கேக்கட்டும்.”

“வேண்டாம். அவ வர்றதுக்குள்ள அழிச்சிடுங்க.”

மகள் திரும்பி வந்தபோது அக்கா அதே வசனத்தை மீண்டும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு இடைவெளி, பிறகு நடுங்காத குரல்.

“நான்தான் சொன்னேன்ல சார்,” என்றாள் மகள்.

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். அவர் ஹெட்போனின் ஒயரை ஒழுங்காகச் சுற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஏன் அழிக்கச் சொன்னார் என்று பிறகு பலமுறை கேட்டும், அவர் யாருக்கும் சொல்லவில்லை.