பெர்பெத்துவா அத்தை நன்றாகச் செத்த கதை

உலகத்திலேயே அதிக முறை செத்த மனுஷி எங்கள் பெர்பெத்துவா அத்தைதான். பெரிய பெரிய சக்கரவர்த்திகள் எல்லாம் ஒரே ஒரு தடவை செத்தார்கள். அதற்கே பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துப் பிள்ளைகளின் உயிரை வாங்குகிறார்கள். அத்தையோ காய்ச்சலில் செத்திருக்கிறாள், பாலைவனத்தில் செத்திருக்கிறாள், தக்காளித் தோட்டத்தில் செத்திருக்கிறாள், ஒரு தடவை வெறும் ஏக்கத்திலேயே செத்திருக்கிறாள். அத்தை சாகாமல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு படவிழா நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. சாவுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் கூச்சம், ‘இந்தம்மா நம்மைவிட நன்றாகச் செய்கிறதே’ என்று.

படவிழா என்றதும் சிவப்புக் கம்பளத்தை நினைக்க வேண்டாம். மாதா கோயில் கூடம், மடக்கு நாற்காலி, ஒரு ஓரம் சுருண்டுகொள்ளும் வெள்ளைத் திரை, வாசலில் டமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் பெண்கள். மெக்சிகோவின் வஹாக்கா மலையிலிருந்து வந்த எங்கள் சபோடெக் பிள்ளைகள், ஸ்ட்ராபெரித் தோட்டத்து மிஸ்டெக் பிள்ளைகள், மாயா பிள்ளைகள், சால்வடார் பிள்ளைகள் என்று, பை காலியாகவும் தலை நிறையக் கதையுமாகத் திரிகிற அத்தனை பேரும் தாங்கள் எடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எதைப் பற்றிப் படம் எடுத்தாலும் அதில் ஒரு தாய் செத்தாக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ராசி. தாய் செத்தால் பிணம் வேண்டும். பிணம் என்றால் அத்தை.

அவளுக்கு நடிப்பெல்லாம் தெரியாது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள்.

“காலையில இஸ்திரிப் பெட்டி முன்னாடி நின்னா சாயங்காலம்தான் உக்காருவேன்,” என்பாள். “இவங்க என்னடான்னா பூவெல்லாம் பரப்பி, மெழுகுவத்தி ஏத்தி, ‘அத்தை, அசையாம படுங்க’ங்கறாங்க. இதுக்கு நான்ல காசு குடுக்கணும்!”

ஒரே ஒரு தடவை குறட்டை விட்டு மாட்டிக்கொண்டாள். அந்தப் படத்தில் அந்த இடத்துக்கு அலைச்சத்தம் சேர்த்துச் சமாளித்தார்கள். மலைக்கிராமத்தில் ஏது கடல் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிச் சாவைச் சாப்பாட்டு இடைவேளை மாதிரி நடத்திக்கொண்டிருந்தவளுக்கு ஒரு சாவு மட்டும் தொண்டையில் சிக்கிய முள். அது அவளுடைய அம்மாவின் சாவு. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊரில், சான் பிளாசிதோவில், அம்மா போய்விட்டாள். இங்கே தங்கச் சட்டப்படி காகிதம் இல்லாதவள் எப்படிப் போவாள்? போனால் திரும்பி வர முடியாது. அதனால் தான் போவதற்குப் பதில் ஒரு பேண்டு செட்டை ஏற்பாடு செய்து அனுப்பினாள். அதுதான் தப்பாகப் போனது. எங்கள் ஊர் பேண்டில் பாதிப்பேர் இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவள் பிடித்தது பக்கத்து ஊரான சாந்தா ரூஃபினா பேண்டை. இரண்டு ஊருக்கும் எல்லைச் சண்டை. ஒரு ஊர் கோழி மற்ற ஊருக்குள் போனால் குழம்பாகித்தான் வெளியே வரும்.

அக்கா ஹெர்மெலிந்தா வாசல் கதவைச் சாத்தி அந்தப் பேண்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “பெத்தவள எதிரி ஊர் மேளத்தோடவா அனுப்பச் சொல்றா? இனிமே எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு சொல்லுங்க,” என்றாளாம். அத்தைக்கும் ரோஷம் கம்மியில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இந்த வருஷம் யாதிரா என்கிற பெண் எடுத்த படத்தில் அத்தை செத்தாள். யாதிராவுக்கு இருபத்திரண்டு வயசு. எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவள். அசல் சவப்பெட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற அசல் எங்கள் ஊர் பேண்டு, எங்கள் ஊர்ச் சாவுக்கு மட்டும் வாசிக்கிற அசல் பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டதும் அழ வந்தவர்களும் அசலாகவே அழுதுவிட்டார்கள். விழாவுக்கு ஆள் சேர்க்க அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எல்லாருக்கும் போனில் அனுப்பினாள் யாதிரா. படத்தின் பெயர் துண்டின் கடைசியில் வரும். சான் பிளாசிதோவில் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு எந்த வீடியோவும் கடைசி வரை ஓடாது. சவப்பெட்டியில் அத்தை முகம் தெரிந்ததோடு நின்றுவிட்டது. அந்தப் பாட்டை நடிப்புக்காக வாசிப்பார்கள் என்று ஊரில் யார் நினைப்பார்கள்? அன்றைக்கு மாலையே மழை பிடித்து, டவரும் படுத்துவிட்டது.

டவர் எழுந்திருக்க ஒரு வாரம் ஆயிற்று. எழுந்ததும் ஊர்த் தலைவர் முதலில் கூப்பிட்டது இங்கே எங்கள் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிற காஸ்துலோவை. நாளைக்கு விழா, காஸ்துலோ நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்.

“வீடியோவைப் பாத்தோம்பா. மனசே சரியில்ல. ரொம்பக் கஷ்டப்பட்டாளா?” என்றார் தலைவர்.

படத்தைப் பாராட்டுகிறார் என்று காஸ்துலோவுக்குப் பெருமை. “கஷ்டமா! மூணு தடவை செத்தா. மொத ரெண்டு தடவை சரியா வரல, சிரிச்சுட்டா. மூணாவதுதான் அருமையா செத்தா.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

“பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களா?”

“எல்லாரும்தான் இருந்தோம். முடிஞ்சதும் எங்களோட உக்காந்து கோழிக்குழம்பு சாப்பிட்டா. ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டா!”

துக்கத்தில் காஸ்துலோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தலைவர் முடிவு கட்டினார். “நீ கொஞ்சம் படுத்துத் தூங்குப்பா. உனக்கும் சேத்து ஜெபிக்கச் சொல்றேன். நாளைக்கு ஒன்பதாம் நாள், சிலுவை எடுக்கறோம்,” என்று போனை வைத்துவிட்டார்.

சிலுவை என்றதும்தான் காஸ்துலோவுக்கு உறைத்தது. யாராவது செத்தால் எங்கள் ஊரில் வீட்டுத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, அதன்மேல் உடம்பைக் கிடத்தி எடுத்தபின், சுற்றி உட்கார்ந்து எட்டு நாள் ஜெபமாலை சொல்வார்கள். ஒன்பதாம் நாள் அந்தச் சுண்ணாம்பை வழித்தெடுத்துக் கல்லறையில் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் அந்த ஆள் ஊருக்கு இல்லை. காஸ்துலோ சலவைக்கடைக்கு ஓடினார். போகும்போதே ஊரிலிருக்கும் தன் மருமகனைக் கூப்பிட்டு மீதி விவரத்தையும் கறந்துகொண்டார்; உயிரோடு இருக்கிற சேதியை அத்தையே சொல்லட்டும் என்று தன் வாயை மட்டும் மூடிக்கொண்டார்.

அத்தை ஒரு கோட்டுக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: “உடம்பு இல்லாம சிலுவை மேல என்னத்த வெச்சாங்களாம்?”

“நீ விட்டுட்டு வந்த பழைய சட்டையாம்.”

“எது, அந்தக் கிழிஞ்ச நீலமா? நல்லதா ஒண்ணு இருக்கே! அக்காவுக்குத் தெரியும்!”

“பெர்பே, போன் போட்டு உயிரோட இருக்கேன்னு சொல்லு.”

“சொன்னா, ‘என்னை அழவெச்சு வேடிக்கை பாத்தியா’ம்பா அக்கா. ஏழு வருஷம் எழுபதாயிடும்.”

“சொல்லாம விட்டா?”

“நாளைக்குச் சிலுவையை எடுத்துட்டா நான் அவளுக்குச் செத்தவதான்.” இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்தாள். “இப்பவும் அப்படித்தானே இருக்கேன்.”

காஸ்துலோ தயங்கினார். “இன்னொண்ணு. இப்ப நம்ம ஊர்லயே புதுசா ஒரு பேண்டு இருந்தும் உங்கக்கா நாளைக்கு சாந்தா ரூஃபினா பேண்டைக் கூப்பிட்டிருக்காளாம். தலைவருக்கே கோவம். தங்கச்சி அம்மாவுக்கு அனுப்பின மேளம், அது வந்துதான் அவள வழியனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாளாம்.”

கோட்டிலிருந்து புகை வந்தது. பதினெட்டு வருஷ வேலையில் அத்தை கருக்கிய முதல் துணி அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமும் மறுநாள் காலையும் அக்காவின் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். மறக்கவே இல்லை அந்த நம்பர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜெபம் நடக்கிற வீட்டில் போனை யார் எடுப்பார்கள்? தலைவரின் நம்பரைக் கொடுத்தார்கள். “அவர்கிட்ட நான் ஏன் சொல்லணும்? அவரா அழுதாரு?” என்று தள்ளிவிட்டாள். வேறு யாரும் சொல்லவும் விடவில்லை.

இனி ஒரே வழிதான். பாதி ஊர் இங்கேயும் பாதி அங்கேயும் இருப்பதால் எங்கள் படவிழாவுக்கு எப்போதும் இரண்டு கூடம். இங்கே போடுகிற படம் அதே நேரத்தில் சான் பிளாசிதோவில் ஊர்மன்றத்துச் சுவரிலும் ஓடும்; டவருக்குக் கீழேயே இருப்பதால் மன்றத்தில் மட்டும் சிக்னல் அவ்வளவாக அறுபடாது. படத்துக்கு முன்னால் கேமரா வழியாக இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொள்வது வழக்கம். சிலுவையைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில் துக்க ஊர்வலம் மன்றத்தில் நிற்கும், பெர்பெத்துவாவின் கடைசிப் படத்துக்கு மரியாதை செய்யும் என்று செய்தி வந்தது.

“அத்தை, நான் பேசி விளக்கிடறேன். தப்பு என்னோடது,” என்றாள் யாதிரா. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நீ படம் எடுத்தே. செத்தது நான்தானே? நானே பேசறேன்.”

திரையில் சான் பிளாசிதோ வந்தது. கறுப்புச் சால்வைகள், மெழுகுவத்திகள், பின்வரிசையில் விறைப்பாக நிற்கும் சாந்தா ரூஃபினா பேண்டு. முன்னால், கையில் சுண்ணாம்புத் தட்டோடு ஹெர்மெலிந்தா. அத்தை கேமரா முன்னால் போய் நின்றாள். எதையோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள் போல. எல்லாம் மறந்துவிட்டது.

“அக்கா,” என்றாள். “நான் சாகல. நல்லா படுத்திருந்தேன், அவ்வளவுதான்.”

அங்கே ஒரு கிழவி அலறினாள். டிரம்பெட் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஹெர்மெலிந்தா மட்டும் அசையவில்லை. சிக்னல்தான் நின்றுவிட்டதோ என்று யாதிரா வயரை ஆட்டிப் பார்த்தாள்.  

ஹெர்மெலிந்தா தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, சுவர்கிட்டே வந்து, தங்கையின் முகத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“குண்டாயிட்டே,” என்றாள்.

“ஆமா.”

“எட்டு நாள் அழுதேன்டி. என் கண்ணைப் பாரு, வெங்காயம் மாதிரி வீங்கிக் கெடக்கு. அந்த அழுகையத் திருப்பிக் குடு.”

“நீயும் ஒரு தடவை சாவுக்கா. நான் அழுது கணக்கத் தீத்துடறேன்.”

“சும்மாவா? மாடு அடிச்சாச்சு. நூறு பேருக்கு டமாலே வெந்தாச்சு. எதிரி ஊர்க்காரன வாசப்படி ஏத்தியாச்சு. மானம் மரியாதை எல்லாம் போச்சு உன்னால!”

“அக்கா, அம்மாவுக்கு நான் வர முடியல.”

ஹெர்மெலிந்தா சால்வையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “தெரியும். அப்பவே தெரியும். யார் மேலயாச்சும் கோவப்படணும்ல எனக்கு?” சட்டென்று பேண்டின் பக்கம் திரும்பினாள். “எதுக்கு மரம் மாதிரி நிக்கறீங்க? காசு வாங்கினீங்கல்ல? ஏதாவது ஆடற மாதிரி வாசிங்க!”

அவர்கள் அங்கே வாசிக்க, எங்கள் பேண்டுக்கு இங்கே கை சும்மா இருக்குமா? இரண்டு ஊரும் போட்டி போட்டு வாசித்ததில் யாருக்கும் எந்தப் பாட்டும் விளங்கவில்லை. படம் தொடங்கவே அரைமணி தாமதம். அங்கே துக்கத்துக்குச் சமைத்ததை விருந்தாகச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். அத்தை சாகிற இடம் வந்ததும் ஹெர்மெலிந்தா எழுந்து, “வயிறு ஏறி எறங்குது பாரு! மூச்சை அடக்குடி!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு கூடமும் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது யாருமே அழவில்லை.

இந்தப் பக்கங்கள் அடுத்த விழா மலருக்காக நான் எழுதியவை. அச்சுக்குப் போகுமுன் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது யாதிராவின் உத்தரவு. அத்தை இஸ்திரி போட்டுக்கொண்டே கடைசி வரி வரை கேட்டாள்.

“எல்லாம் சரிதான்டா. ‘யாருமே அழவில்லை’ன்னு எழுதிருக்கியே, அது யாரு?”

“எது யாரு அத்தை?”

“எனக்குப் பின்னாடி உக்காந்து, என் சால்வை நுனியப் பிடிச்சு, படம் முடியற வரைக்கும் மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தது. நான் அந்தச் சால்வையைத் துவைச்சவடா. எழுது அதையும்.”