சிக்ஸ்டனின் கை

ஸ்வீடன் கடலோரத்தில், அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கே கம்பியில்லாத் தந்தி அனுப்பிய நிலையம் ஒன்றை ஊரார் அழியவிடாமல் காத்து வருகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அந்தப் பெரிய இயந்திரத்தை ஓட்டி வாழ்த்து அனுப்புவார்கள். தந்தி அடிப்பது எப்போதும் சிக்ஸ்டன்தான்.

இந்த வருடம் அவர் கை நடுங்கியது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் குன்வோர் அவரை அடிக்க விடவில்லை.

"பெரியவரே, உங்க கையில காப்பிக் கோப்பையே தாளம் போடுது. கம்ப்யூட்டர் அடிக்கட்டும்."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மெஷினு? உன் ஃபோன்லயே வாழ்த்து அனுப்பிடேன்!"

"சரி, அடிங்க. கேக்குறவங்கள்ல ஒருத்தருக்காச்சும் புரியணும். இல்லன்னா அடுத்த வருஷம் நீங்க வேடிக்கைதான் பாக்கணும்."

இயந்திரம் முனகி, பிறகு ரீங்கரித்தது. தரை மெல்ல அதிர்ந்தது. சிக்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டார். தன் விரலின் துடிப்பு ஒவ்வொன்றும் உயரக் கோபுரத்திலிருந்து வெள்ளைப் பறவையாய்க் கிளம்பி, பனியினூடே கடல்மேல் போவதாகத் தோன்றியது. தூக்கத்தில் நடப்பவர்போல் அடித்து முடித்தார். நடுக்கம் எங்கெங்கே புகுந்ததோ, அவருக்கே தெரியாது.

சற்று நேரத்தில் ஃபோன் அடித்தது. வருடாவருடம் இந்த வாழ்த்தை ரேடியோவில் கேட்கும் நார்வே மீனவர் ஒருவர்.

"சிக்ஸ்டன் நல்லாருக்காரா? தந்தியோட புள்ளி, கோடெல்லாம் குளிர்ல நடுங்குற மாதிரி இருந்துச்சு. ஆனா அவர் கைதான்னு முதல் எழுத்துலயே தெரிஞ்சுபோச்சு. வாழ்த்து முழுசா வந்துச்சுன்னு சொல்லுங்க."

குன்வோர் ஃபோனை வைத்தாள்.

"ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஒருத்தர் போதும்னு நீதானே சொன்ன?" என்றார் சிக்ஸ்டன். தந்தி விசையிலிருந்து அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.