தேங்காயெண்ணெய் தடவிய டயர்

இங்கே அயர்லாந்தில், குளிர் விடாத ஒரு காலையில், என் காரின் நான்கு டயர்களும் நரைத்திருந்தன. எனக்கே காதோரம் இரண்டு முடிதான் நரைத்திருக்கிறது. டயருக்கு என்ன அவசரம் என்று பார்த்தேன். பின்னால் வந்த என் மனைவி செல்வி குனிந்து பார்த்தாள். “ஏனுங்க, டயருக்குத் தயிர் ஊத்துனீங்களா?”

ஊற்றவில்லை, தேங்காயெண்ணெய் தடவியிருந்தேன். அன்று எனக்கு டிரைவிங் டெஸ்ட், மூன்றாவது முறை. எங்கள் ஊர் முதலமடையில் பன்னிரண்டு வருஷம் மாங்காய் ஜீப் ஓட்டியவனை இந்த நாடு இரண்டு முறை தோற்கடித்துவிட்டது. தினமும் செல்விதான் காரில் கொண்டுபோய், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல என்னைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவாள். அடுத்த வாரம் முதல் அவளுக்குக் காலை ஷிஃப்ட். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த முறையும் தோற்றால் என் வேலை போய்விடும்.

எண்ணெய் யோசனை ஊரிலிருந்து போனில் மச்சான் கனகராஜ் சொன்னது. அங்கே ஜீப்பை ஃபிட்னஸ் சோதனைக்குக் கொண்டுபோகும் முன் சக்கரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரிம்மைத் தேங்காய் நாரால் தேய்த்து, டயரின் பக்கவாட்டில் எண்ணெய் தடவுவோம். புழுதியேறிச் சிவந்த டயர் எருமைக்கன்றுபோலக் கறுகறுவென்று நிற்கும். “மாப்ள, ஆப்பீசரு மொதல்ல டயரத்தான் பாப்பாரு. மத்ததெல்லாம் அப்பறந்தான்.” சமையலறையில் உறைந்து கிடந்த எண்ணெயை நானே அடுப்பில் உருக்கித்தான் தடவினேன். வெளியே போனால் அது மறுபடி உறையும் என்பது மட்டும் தோன்றவில்லை.

துடைக்க நேரமில்லை. அப்படியே போனோம். தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். டயரில் விரலை வைத்து முகர்ந்து, “இது என்ன?” என்றார்.

“தேங்காயெண்ணெய்.”

“எதற்கு?”

“உங்களுக்காகத்தான்.”

லஞ்சம் என்று நினைத்துவிட்டார் போலும். “எனக்கு வேண்டாம். துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.”

மண்டியிட்டு, கழுத்து மஃப்ளரால் நான்கையும் துடைத்தேன். அந்த வெட்கத்தில், இரண்டு முறையும் என்னைத் தோற்கடித்த ஜீப் வேகம் வரவேயில்லை. முனைக்கு முனை நின்றேன், கண்ணாடி பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன். தேறிவிட்டேன்.

“நாந்தான் சொன்னனல்ல மாப்ள, டயருன்னு,” என்றான் போனில் கனகராஜ்.

இங்கே புதிதாகத் தேறியவர்கள் இரண்டு வருஷம் காரில் ‘N’ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டியிருக்க வேண்டும். புதியவன் என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டு நானே வேலைக்குப் போகிறேன். விடுமுறைக்கு முதலமடை போனபோது ஜீப்பை எடுத்தேன். மாந்தோப்புகளுக்கு நடுவே, ஆளே இல்லாத முக்கில், பழக்கதோஷத்தில் நிறுத்தி வலம் பார்த்தேன், இடம் பார்த்தேன், மறுபடி வலம் பார்த்தேன். பின்னால் ஒரு மாங்காய் லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, என் ஜன்னலருகே குனிந்து பணிவாகக் கேட்டார்:

“ஏனுங்க, ஊருக்குப் புதுசுங்களா?”