கடைசிக் குழாயில் வந்துச்சா?

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், அத்தனை விளக்கும் எரிகிற, இதய அடைப்பு நீக்கும் கேத் லேபில்.

அங்கே டெக்னீஷியனாக இருப்பவள் ஒரு வாயாடி. அன்று மாரடைப்போடு, பச்சைத் துணி போர்த்தி மேஜையில் படுத்திருந்தவரோ, அவள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர். விடுவாளா?

“நல்ல ஆளுண்ணா நீங்க! கடைசி வீடு எங்களுது. மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்ல.”

அந்த வலியிலும் அவர் சிரித்தார். “எழுந்ததும் முதல் வேலை அதான்மா. வால்வைத் திறந்துட்டா ஆச்சா? கடைசிக் குழாய்ல வந்துச்சான்னு கேட்டுட்டுத்தான் நான் நகருவேன்.”

மணி 3.41. இதயத்து ரத்தக்குழாயில் இருந்த அடைப்பு விலகியது. ஸ்டென்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே அவர் மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவளுக்கு மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்து, “திறந்தாச்சுக்கா! இனி பயமில்ல” என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள். அந்த அக்கா சுவரில் சாய்ந்து சந்தோஷத்தில் அழுதார்.

ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் கடைசிப் படம் இன்னும் எடுக்கவே இல்லை.

3.44. எடுத்தார்கள். குழாய் விரியத் திறந்திருந்தது. படத்துக்காகச் செலுத்திய சாயம் உள்ளே போனது... நின்றது. இதயத் தசைக்குள் இறங்கவே இல்லை.

“வழி இருக்கு... ரத்தம் போகல” என்றார் டாக்டர். மருந்து மேல் மருந்து செலுத்தினார்.

4.05. மூலையில் கை கழுவும் தொட்டிக் குழாய்... ஸ்ஸ்ஸ்... வெறும் காற்று.

மூடப் போனாள்.

அது மூடித்தான் இருந்தது.

4.12. உயிர் போனது.

ஸ்ஸ்ஸ் நின்றது. ஒரே ஒரு சொட்டு... டொக்.

வெளியே அந்த அக்கா கேட்டது ஒன்றுதான். “திறந்தாச்சுன்னியேம்மா?”

வாயாடி அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். உள்ளே வாளிகள் எல்லாம் ததும்பி நின்றன.

“வால்வுக்காரர் வந்தார்டி” என்றார் மாமியார். “கதவைத் தட்டி, ‘கடைசி வரைக்கும் வந்துச்சா’ன்னு கேட்டார். வந்துடுச்சுன்னு சொன்ன பிறகுதான் நகர்ந்தார். சட்டைகூட இல்ல, ஏதோ பச்சைத் துணியைச் சுத்தியிருந்தார்.”

“எப்ப அத்தை?”

“நாலு பன்னெண்டு. மோட்டார் போட மணி பார்த்தேன்.”

அவள் வாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“போகும்போது, ‘உங்க மருமகளையும் இனிமே பார்த்துட்டுச் சொல்லச் சொல்லுங்க’ன்னார். ஆமா... நீ யார்கிட்டடி, என்னத்தப் பார்க்காம சொன்ன?”