வடையில் இரும்பு கிடைத்த புதன்கிழமை

"புதன்கிழமை, ஆயுத பூஜைக்குப் பின் ஆறாம் நாள். மாதிரி: உளுந்த வடை, ஒன்று. காந்தத் தன்மை: இரும்புத் தாதுவுக்கு நிகர்."

பதிவேட்டில் இதை எழுதியவன் நான்தான். தெளிவாக இருந்தேன், வடையும் அன்று காலை சுட்டதுதான்.

கனிமம் தேடுகிற ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கோச்சடையில் ஒரு ஷெட் இருந்தது. கொண்டுவரும் கற்களைத் தோசை கனத்துக்கு அறுத்து, காற்றில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை எடை போட்டு, பிறகு காந்த மீட்டரை வைத்துப் பார்ப்பார் வில்லாபுரத்துக்காரர் ஒருவர். தேதியோடு எழுதிவைப்பது என் வேலை.

அந்த ஆண்டு எஞ்சியிருந்தது தரையில் ஒரே ஒரு ஆழ்துளை போடுவதற்கான அனுமதி. தரைமேல் நடந்து எடுத்த காந்த வரைபடத்தில் காந்தம் மிகுந்த இடமாக மேற்கே ஒரு சிவப்புத் திட்டு, கிழக்கே ஒன்று. எது பாறையால் வந்தது, எது கம்பிவேலியாலும் மோட்டாராலும் வந்தது என்று கல்லை அளந்தால்தான் தெரியும். எங்கள் நிலவியலாளர் மேடம் மேற்கு என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பரிந்துரைத்த முதல் துளை அது. பொய்த்தால் அடுத்த பரிந்துரையை யாரும் கேட்கப் போவதில்லை.

பூஜைக்கு முன் அளந்த மேற்குக் கற்கள் நன்றாகவே காந்தம் காட்டின. பூஜைக்குப் பின் அளந்த கிழக்குக் கற்களோ அவற்றை எங்கோ விட்டுவிட்டு எகிறின. அடுத்த திங்கட்கிழமை துளை வண்டி கிழக்கே போகட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

"கிழக்குக் கல்லு அம்புட்டும் எகிறுதுண்ணே. மேடம் பாடு கஷ்டந்தான்," என்றார் வில்லாபுரத்துக்காரர்.

மேடம் ஒரு கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார். "எடை லேசா இருக்கு. காந்தம் மட்டும் இம்புட்டு எங்கருந்து வருது?"

பதிவேட்டைப் புரட்டினேன். பூஜை வரை இப்படி ஓர் எண்கூட இல்லை. அதற்குப் பிறகு இதைத் தவிர வேறு எண்ணே இல்லை. கையிலிருந்த வடையை மேஜையில் வைத்து, "இத அளங்க மாப்ள," என்றேன். அளந்தார். மீட்டரைப் பார்த்தார். வடையைப் பார்த்தார்.

மேடம் குனிந்து மேஜைக்கு அடியில் போனார். மெல்லிய பலகையின் அடிப்புறத்தில் சந்தனம், குங்குமத்தோடு ஒரு குதிரை லாடம் ஆணியடித்துப் பொருத்தியிருந்தது.

"கண்ணு படக் கூடாதுன்னு பூஜையன்னைக்கு அடிச்சேன் மேடம். மீட்டரு வெலையக் கேட்டுப்புட்டு ஆளாளுக்கு வாயப் பொளக்குறாக," என்றார் வில்லாபுரத்துக்காரர்.

"வாசல்ல அடிக்கிறதுதானய்யா வழக்கம்?" என்றேன்.

"வாசல்ல அடிச்சா எவனாச்சும் புடுங்கிட்டுப் போயிருவான்ணே."

மேடம் சிரிக்கவில்லை. "நீங்களே புடுங்குங்க," என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் கிழக்குக் கற்கள் எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். ஒன்றிலும் காந்தம் இல்லை. பதிவேட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார் மேடம். அங்கிருந்து வந்த முதல் கேள்வி: "வடையை யார் அளக்கச் சொன்னது?" இரண்டாவது அழைப்பில் வண்டியை மேற்கே திருப்பச் சொன்னார்கள்.

அடுத்த வாரம், துளைக் கற்களை ஷெட்டுக்கு ஏற்றிவரும் லாரி ஓட்டுநர் மாட்டுத்தாவணியிலிருந்து போன் செய்தார். துளையில் கறுப்பாக, கனமாக ஒரு கல் வந்ததாம். மேடம் காந்தத்தை நீட்ட, ஒட்டிக்கொண்டதாம். அவர் நம்பாமல் பிய்த்தெடுத்து இன்னொரு முறை நீட்டினாராம்.

அப்படியே எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: சொன்னவர் ஓட்டுநர், கல் ஷெட்டுக்கு வந்து சேரவில்லை, இன்னும் சரிபார்க்கப்படவில்லை.