அமைச்சர் மகன் சொன்ன நான்கு வரிகள்

பேரப்பிள்ளைகள்வரை எங்கள் வீட்டில் எல்லாரும் என்னை நடிகன் என்று நம்புகிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் மொத்தம் நான்கு வரிகள். பன்னிரண்டு வயதில், ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த நாடகத்தில், இளவரசன் வசனம் மறந்து நின்றபோது, அமைச்சர் மகனாக வேஷம் கட்டியிருந்த நான் முன்னால் வந்து மிச்சத்தைச் சொல்லி நாடகத்தைக் காப்பாற்றினேன் என்பது கதை. நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். வாத்தியாராக இருந்த காலத்தில், சமயோசிதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைத்தான் உதாரணம் காட்டுவேன். சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது உண்டு.

இளவரசனாக நடித்தவன் என் அத்தை மகன். மாமா இறந்த பிறகு அத்தை அவனைக் கூட்டிக்கொண்டு, பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அத்தான் என்று கூப்பிடச் சொல்லி அம்மா அடிக்கடி திட்டுவாள். நான் 'ஏலே' என்றுதான் கூப்பிட்டேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவன் எங்கள் மாடுகளோடு காட்டுக்குப் போனான். எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூட வராது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், யாருடைய பேச்சையும் அப்படியே பேசிக் காட்டுவான். பருத்தி வியாபாரி தராசைத் தட்டிக்கொண்டே பேரம் பேசுவதை அவன் செய்து காட்டினால், அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அவர் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மழைக்குப் பிறகு கரிசலில் நடந்தால், காலில் அப்பும் மண் என்னை வாத்து மாதிரி நடக்க வைக்கும். அவன் அதே மண்ணை மிதித்துக்கொண்டு ராஜா மாதிரி வருவான். அதற்குப் பொறாமை. கூடத்தில் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அத்தையும் அவனும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சிரிப்புக்கும் பொறாமை.

நாடகம் பெரியப்பா எழுதியது. ராஜா வேஷம் அவருக்கே. இளவரசன் நான்தான் என்று ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். வேஷம் பிரிக்கிற அன்று ஒரு பிசகில்லாமல் வசனத்தை வாசித்தேன். பெரியப்பா கோழியிறகால் காது குடைந்துகொண்டே கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வாசலில் நின்ற அத்தை மகனைப் பார்த்து, "நீ சொல்லுலே" என்றார். நான் வாசித்ததைக் கேட்டதோடு சரி, அவன் முழுவதையும் சொன்னான். பெரியப்பா காதிலிருந்து இறகை எடுத்துவிட்டார்.

"நீ வாசிக்கிறலே. அவன் பேசுதான்," என்றார் என்னிடம். "நீ மந்திரி மகனா இரு."

மந்திரி மகனுக்கு மூன்று வசனம். அதில் இரண்டு 'ஆம் அரசே'.

அந்த வருடம் கோவில்பட்டியில் முகாம் போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியின் வாத்தியார் எங்கள் நாடகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. கம்பெனிக்கு ஒரு பையன் வேண்டும். பிடித்துப்போனால் கையோடு கூட்டிப்போவார். அத்தை, மகனுடைய ஒரே நல்ல சட்டையைத் துவைத்து, விட்டுப்போன பொத்தான்களைத் தைத்து மடித்து வைத்தாள்.

கொடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியப்பா, நாடுகடத்தப்படும் இளவரசன் விடைபெறும் இடத்துக்குப் புதிதாக எட்டு வரி எழுதினார். திரை ஏறும்வரை எழுதிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினார். அத்தை மகன் மட்டும் வெளியே மாடு கட்டிக்கொண்டிருந்தான்; அவன் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். பந்தல் வேலை குவிந்து கிடந்ததால் இனி ஒத்திகை கிடையாது என்றார். தாளை என் கையில் கொடுத்து, "படிச்சவன் நீதானல. அவனுக்கு மனசுல ஏத்திரு" என்றார்.

பருத்தி போட்டு வைத்திருந்த அறையில் உட்கார்ந்து ஏற்றினேன். நான்கு வரி மட்டும். அவன் திருப்பிச் சொல்லிவிட்டு தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

மறுநாளும் கேட்டான். "அம்புட்டுதானா மாப்ளே? நல்லாப் பாத்துச் சொல்லு."

"எனக்கு வாசிக்கத் தெரியும்லே."

"தெரியும்லா," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

அவன் போன பிறகு பருத்திக் குவியல் முன்னால் நின்று, "அரசே, இளவரசரின் நா தழுதழுக்கிறது. அவர் சொல்ல நினைப்பதை நான் சொல்கிறேன்" என்று பழகினேன். மிச்ச நான்கு வரிக்கு முன்னால் சேர்த்துக்கொள்ள நானே எழுதியது அது. பிற்காலத்தில் எத்தனையோ ஆண்டு விழாக்களுக்கு நாடகம் எழுதினேன். இவ்வளவு கச்சிதமாக ஒன்றும் அமையவில்லை.

நாடகத்தன்று கம்பெனி வாத்தியார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடைபெறும் காட்சி வந்தது. அத்தை மகன் நான்கு வரிகளையும் சொன்னான். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அதோடு நிறுத்திவிட்டான். கூட்டம் காத்திருந்தது. சிம்மாசனத்திலிருந்து பெரியப்பா, "சொல்லுலே, சொல்லு" என்று பல்லுக்குள் முனகினார். அவன் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, அவசரமே இல்லாமல் நின்றான்.

நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன்.

அப்படி ஒரு கைதட்டலை அந்த ஊர் கேட்டதில்லை என்றார்கள். திரைக்குப் பின்னால் பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். இறக்கிவிட்டதும் அவன் காதைப் பிடித்துத் திருகினார்.

"நாலு வரி நிக்கலையால மண்டையில? மாடு மேய்க்கிற பயலுக்கு வேஷம் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

அவன் ஒட்டுமீசையை உரித்துக்கொண்டே, "மறந்துட்டேன் மாமா" என்றான்.

கம்பெனி வாத்தியார் என்னைத்தான் கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். "அவன் படிச்சு உத்தியோகம் பாக்கப் போறவன், அண்ணாச்சி. அவனை எப்படி அனுப்புவேன்?" வாத்தியார் காப்பியைக் குடித்துவிட்டுக் காலை பஸ்ஸில் போய்விட்டார். யாரையும் கூட்டிப்போகவில்லை. அத்தை மகன் பொத்தான் தைத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மாடுகளை அவிழ்த்தான். எனக்குக் கிடைக்கவே வழியில்லாத ஒன்றுக்காக, அவனுக்குக் கிடைக்க இருந்ததைக் கெடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து இளவரசன் நான்.

அவன் பிறகு கழுகுமலைக்குப் போய்த் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம்; அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெற்ற பிறகு, என் இளைய மகளின் கல்யாணப் பத்திரிகையை வைக்க அவன் வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அவனுடைய பேத்திக்குப் பொழுது போகவில்லை.

"தாத்தா, ராசா மகன் வீட்ட விட்டுப் போறதச் சொல்லு."

"ஏட்டி, ஆள் வந்திருக்காவள்ல."

"அவியளும் கேக்கட்டும்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். குரல் கம்மியிருந்தது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. நான்காவது வரி முடிந்தது. அவன் நிறுத்தவில்லை. "வாளை உங்கள் காலடியில் வைத்துவிட்டேன். வழியனுப்ப எவரும் வாசல்வரை வரவேண்டாம். என் அறையைப் பூட்டாதீர்கள், வழிப்போக்கர் தங்கட்டும். என் பங்குச் சோற்றைப் பசித்து வருபவனுக்கு இடுங்கள்." நான் சொல்லிக் கொடுக்காத நான்கு வரிகள். பெரியப்பா ஒரே தடவை வாசித்த அதே ஏற்ற இறக்கத்தோடு.

பேத்தி கைதட்டிவிட்டு வெளியே விளையாட ஓடினாள். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கே தெரியுமா?"

"ஒரு தடவை கேட்டாப் போதாதா எனக்கு?"

"பொறவு ஏன் சொல்லல, அத்தான்?" ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் என் வாயில் வந்தது.

அவன் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தான். "சொல்லியிருந்தா என்னையக் கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிருப்பான். எங்கம்ம ஒங்க வீட்டுலதான இருக்கணும்? வீட்டுப் பிள்ளைக்கு நான் ஆகாதவனாப் போனா, அங்கன அவளுக்குச் சோறு எறங்குமா?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "அட, பழசு மாப்ளே. காப்பி ஆறுது, குடி" என்றான்.

நாங்கள் இரண்டு நடிகர்கள், ஒரே வேஷத்துக்குப் போட்டியிட்டோம் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன். நாங்கள் எல்லாரும் எழுந்த பிறகு அவர்கள் இருவரும் ஏன் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கூடத்தில் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.