சண்முகம் கொடுத்த டிரான்சிஸ்டர்

கடைக்குட்டி மகளைக் கல்லூரி விடுதியில் விடப் போயிருந்தேன். தற்கொலை எண்ணத்தில் இருப்பவரை எப்படிக் கண்டுகொள்வது என்று அங்கே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சும்மா வாசித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள்.’ இது தெரியாமல்தானே ஐயா, நான் அன்றைக்குப் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன்.

எண்பத்தொன்பதில் ராஜபாளையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம். படிப்பை முடித்துப் போகிறவர்கள் வாளி, கொசுவலை, மேஜை விளக்கு எல்லாவற்றையும் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நான் முதல் வருடத்திலேயே மூன்று வாளி சேர்த்த ஆள். குளித்தது என்னவோ வாரத்துக்கு மூன்று நாள்தான்.

அதனால் பக்கத்து அறை சண்முகம் தன் டிரான்சிஸ்டரை நீட்டியபோது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. "வச்சுக்கோலே, எனக்கு எதுக்கு" என்றான். கான்சாபுரத்துக்காரன். அதுவரை அதை யாரையும் தொடவிடாதவன். அவனும் என்னைப் போல இரண்டாம் வருடம்தான், ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது என்பதுகூட என் மண்டையில் ஏறவில்லை. கட்டிலில் மல்லாந்து பாட்டுக் கேட்டேன்.

இப்ராகிம் வந்தான். பஜாரில் அவன் அத்தா கடை வைத்திருந்தார். வகுப்பில் யார் முகம் வாடினாலும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறவன் அவன்.

"ஏலே, இது சண்முகம் ரேடியோல்ல? நேத்து எனக்கு வாட்ச்ச குடுத்தான். எதுக்கு இம்புட்டையும் குடுக்கான்?"

அவன் படிப்பு இன்னும் முடியவில்லையே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஓடினோம். சண்முகம் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். இப்ராகிம் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டான். "செத்துப்போயிரலாம்னு இருக்கியாலே?"

நான் பதறிவிட்டேன். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கலாமா? இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகாதா? ஆனால் சண்முகம் உடைந்து அழுதான். "ஆமாலே. எதுக்குமே ஆக மாட்டேன்னு தோணிக்கிட்டே இருக்கு. யார்ட்ட போய்ச் சொல்ல?"

இப்ராகிம் புத்தி சொல்லவில்லை. "எங்ககிட்ட சொல்லிட்டேல்ல. இனிமே ஒன்னத் தனியா விடமாட்டோம்" என்று தோளைப் பிடித்துக்கொண்டான். நான் வார்டனிடம் ஓடினேன். சாயங்காலத்துக்குள் அவன் அண்ணன் வந்து மதுரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். இரண்டு மாதம் கழித்துச் சண்முகம் திரும்பி வந்தான். டிரான்சிஸ்டரைக் கொடுத்தேன், பேட்டரியைத் தீர்த்துவிட்டு. அதற்கு இன்றைக்கும் திட்டுவான்.

போன தையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை இப்ராகிமுக்குத்தான் என்று இருவருமாகத் தேடிப் போனோம். ராஜபாளையம் பஜாரில் கடை இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம். துபாய்க்குப் போனான் என்றார் ஒருவர். குடும்பமே எங்கோ போய்விட்டது என்றார் இன்னொருவர். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சண்முகம் கேட்டான். "நம்ம எல்லாரையும் அவன் கேட்டான். நீ எப்படிலே இருக்கன்னு அவன நாம ஒருநா கேட்டிருக்கமா?"

வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டதில்லை.